ஒளி போட்டும் செல் கேட்கவில்லையா? ஈ.கோலையைக் கணினியோடு இணைக்கும்போது வரும் பிழைகளும் தீர்வுகளும்

பச்சை ஒளி பட்டால் ஒரு மரபணு வேலையைத் தொடங்கும், சிவப்பு ஒளி பட்டால் நிறுத்தும். இப்படி மாற்றியமைத்த ஈ.கோலை பாக்டீரியாவை எல்.இ.டி. விளக்குகளுக்கு மேல் வளர்த்து, அந்த விளக்குகளைக் கணினியோடு இணைத்துவிட்டால் கணினி செல்லுக்குக் கட்டளை இடலாம். செல் பதிலுக்குப் பச்சை ஒளிர்புரதத்தை, அதாவது ஜி.எஃப்.பி.யை, உண்டாக்கும். அதை அளந்தால் செல் சொல்வது கணினிக்குத் திரும்பி வரும். போவதும் ஒளி, வருவதும் ஒளி.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. 2005இல் ஒளியை உணரும் ஈ.கோலையை உருவாக்கி, பாக்டீரியாப் படலத்தின் மேல் ஒரு படத்தையே பதித்துக் காட்டினார்கள். 2011இல் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் முஸ்தஃபா கம்மாஷும் சகாக்களும் ஈஸ்ட் செல்லின் மரபணு வெளிப்பாட்டைக் கணினிப் பின்னூட்டத்தால், அதாவது அளந்து பார்த்து ஒளியைத் திருத்திக்கொண்டே இருக்கும் முறையால், ஒரே அளவில் நிறுத்தினார்கள். 2016இல் ஈ.கோலையில் செல்லின் வளர்ச்சி வேகத்தையும் அப்படிக் கட்டுப்படுத்தினார்கள். அதே ஆண்டு, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி டேபர் குழு 24 குழித் தட்டுக்கான (செல் வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) ஒரு விளக்குப் பெட்டியின் வடிவமைப்பை எல்லோரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டது. குழிக்கு இரண்டு எல்.இ.டி., ஒவ்வொன்றுக்கும் 4096 பிரகாசப் படிகள். இன்று பல சிறிய ஆய்வகங்கள் இந்த வேலையில் இறங்க முடிவதற்கு இப்படிப்பட்ட திறந்த வடிவமைப்புகள் பெரிய காரணம்.

இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் சிசிஏஎஸ்–சிசிஏஆர் என்ற பச்சை–சிவப்பு அமைப்பைப் பற்றி. இது சினிகோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியாவிலிருந்து வந்தது. சிசிஏஎஸ் செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் உணரி. 535 நானோமீட்டர் அளவிலான பச்சையை வாங்கினால் அது விழித்துக்கொண்டு சிசிஏஆர் புரதத்துக்கு ஒரு பாஸ்பேட்டைக் கொடுக்கும். சிசிஏஆர் போய் மரபணுவை இயக்கும். 670 அளவிலான சிவப்பு பட்டால் உணரி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது வேலை செய்யவில்லை என்றதும் டி.என்.ஏ.வை மாற்றி எழுதக் கிளம்பாதீர்கள். விளக்கைச் செல் இல்லாமல் சோதியுங்கள். செல்லைக் கணினி இல்லாமல் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே சரியென்று தெரிந்த பிறகுதான் இணைக்க வேண்டும். இணைத்த நிலையில் பிழை தேடினால் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்றே தெரியாமல் வாரங்கள் போய்விடும்.

இதற்காக எப்போதும் மூன்று துணைச் செல்கள் கையிருப்பில் இருக்கட்டும்: ஜி.எஃப்.பி. இல்லவே இல்லாத செல், ஜி.எஃப்.பி.யை ஓயாமல் உண்டாக்கும் செல், உணரி இருந்தும் அதற்கு வேண்டிய நிறமியைச் செய்யும் மரபணுக்கள் இல்லாத செல். முதல் இரண்டும் அளவீட்டைச் சோதிக்க. மூன்றாவதுதான் பொன்னானது. அந்தச் செல்லும் ஒளிக்கு ஏற்ப மாறினால், மாற்றத்துக்குக் காரணம் உங்கள் உணரி இல்லை. சூடோ, ஒளிர்வு வெளுத்துப்போவதோ, வேறு ஏதோ ஒன்று.

பச்சை போட்டும் ஒளிர்வு ஏறவே இல்லை

முதலில் விளக்கு. கண்ணை நம்பாதீர்கள். நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பக்கம்தான் கூர்மை அதிகம். 670இல் அதன் கூர்மை உச்சத்தில் சுமார் 3 சதவீதம்தான். அதனால் பச்சை கண்ணைக் கூசும், அதே அளவு சிவப்பு மங்கலாகத் தெரியும். லக்ஸ் மீட்டரும், கைபேசியில் இறக்கிக்கொள்ளும் லக்ஸ் செயலியும் இதே கணக்கில்தான் எண் தரும். ஆகவே பச்சையையும் சிவப்பையும் லக்ஸில் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரு நிறமாலைமானி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு சிலிக்கான் போட்டோடையோடை வாங்கி, அதன் தரவுத்தாளில் உள்ள அலைநீள வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மலிவான வழி இது, போதுமானதும்கூட.

அடுத்து எந்தப் பச்சை என்று பாருங்கள். கடையில் பச்சை எல்.இ.டி. என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். பழைய மஞ்சள்கலந்த பச்சை 565–570 நானோமீட்டரில் இருக்கும், மங்கலாகவும் எரியும். பளிச்சென்ற பச்சை 520–530இல் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. சிவப்பிலும் இதே கதைதான். சாதாரண சிவப்பு 625–630, ஆழ்ந்த சிவப்பு 660. ஆழ்ந்த சிவப்பையே வாங்குங்கள்.

விளக்கு சரி என்றால் செல்லுக்கு வாருங்கள். சிசிஏஎஸ் புரதம் மட்டும் இருந்தால் அதற்குக் கண் தெரியாது. பைக்கோசயனோபிலின் என்ற நிறமி அதில் ஒட்டிக்கொண்டால்தான் ஒளியை உணரும். ஈ.கோலையில் இந்த நிறமி இயல்பாகக் கிடையாது. செல்லில் உள்ள ஹீம் என்ற இரும்புள்ள மூலக்கூறை ஹெச்.ஓ.1 என்ற நொதி பிலிவெர்டினாக உடைக்கிறது, பி.சி.ஒய்.ஏ. என்ற நொதி அதைப் பைக்கோசயனோபிலினாக மாற்றுகிறது. இந்த இரண்டு நொதிகளுக்கான மரபணுக்களும் பிளாஸ்மிடில், அதாவது நாம் செல்லுக்குள் சேர்க்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தில், இருக்க வேண்டும். எனவே கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்:

1. எல்லாப் பிளாஸ்மிடுகளும் செல்லில் இருக்கின்றனவா? எல்லா ஆன்டிபயாட்டிக்கும் ஊடகத்தில் (செல் வளரும் கரைசலில்) போட்டீர்களா? ஒன்று விட்டுப்போனாலும் அதற்குரிய பிளாஸ்மிட் சில தலைமுறைகளில் கழன்றுவிடும்.
2. நிறமி மரபணுக்களின் வரிசையைப் படித்துப் பார்த்தீர்களா? செல்லுக்குச் சுமையான மரபணுவில் திடீர் மாற்றம் பெற்ற செல்கள் வேகமாக வளர்ந்து கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.
3. ஹீம் போதுமா? ஹீமுக்கு மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமிலம் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள், ஒளிர்வு ஏறினால் குறை ஹீமில் இருக்கிறது. ஆனால் இதைச் சோதனையாக மட்டும் செய்யுங்கள். அந்த அமிலம் கூடினால் செல்லில் ஹீமுக்கு முந்தைய படியான போர்பிரின் சேரும், போர்பிரின் சேர்ந்த செல்லுக்கு ஒளியே நஞ்சு.
4. நிறமி உணரியில் ஒட்டியிருக்கிறதா? புரதத்தை ஜெல்லில் ஓட்டி, துத்தநாகக் கரைசலில் ஊறவைத்துப் புறஊதா ஒளியில் பார்த்தால் நிறமி ஒட்டிய பட்டை மட்டும் ஒளிரும்.

ஈஸ்ட்டில் ஃபைட்டோகுரோம் என்ற இன்னொரு ஒளி உணரி அமைப்பை வைத்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்த நிறமியை வெளியிலிருந்துதான் சேர்க்கிறார்கள்; ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்தெடுப்பது வழக்கம். அது ஒளியில் கெட்டுவிடும். புட்டியைக் கறுப்பாகச் சுற்றி, சிறு பங்குகளாக உறையவைத்து, ஒவ்வொரு முறையும் புதுப் பங்கை எடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒளிரவில்லை என்றால் காற்றோட்டத்தைப் பாருங்கள். ஜி.எஃப்.பி. முதிர்ந்து ஒளிர ஆக்சிஜன் வேண்டும். குழியின் மேல் இறுக்கமான படலத்தை ஒட்டி, ஷேக்கரையும் மெதுவாக ஓட்டினால் புரதம் உருவாகியும் ஒளிராமல் கிடக்கும்.

விளக்கே போடவில்லை, ஆனாலும் ஒளிர்கிறது

மூன்று குழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுச் சிவப்பில், ஒன்று விளக்கில்லாமல், ஒன்று அலுமினியத் தாளில் சுற்றி. தாளில் சுற்றியது மட்டும் குறைவாகவும், விளக்கில்லாதது கூடுதலாகவும் இருந்தால் எங்கிருந்தோ ஒளி உள்ளே வருகிறது. அறையின் டியூப்லைட்டில் பாதரசத்தின் 546 நானோமீட்டர் பச்சைக் கோடு இருக்கிறது. சிசிஏஎஸ் விரும்பும் இடத்துக்கு மிக அருகில். இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவு, மின்சுற்றின் மேல் மினுக்கும் சின்னப் பச்சை விளக்கு, எல்லாமே காரணமாகலாம். அந்தச் சின்ன விளக்கைப் பலரும் கவனிப்பதில்லை; மேலே கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

சிவப்பிலும் ஒளிர்வு கூடுதலாகவே இருந்தால் உங்கள் ஊடகத்தைச் சந்தேகியுங்கள். எல்.பி. என்ற சத்துமிக்க ஊடகத்தில் உள்ள ஃபிளேவின் நிறமிகள் தாமே பச்சையாக ஒளிரும். எம்9 என்ற எளிய ஊடகத்துக்கு மாறினால் பின்னணி தெளிவாகக் குறையும். ஜி.எஃப்.பி. இல்லாத செல்லை அதே ஊடகத்தில் வளர்த்து அதன் எண்ணைக் கழிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் அது அணைந்திருக்க வேண்டிய மரபணுவின் கசிவு.

சிபிஹெச்8 என்ற சிவப்பு உணரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அது என்வ்இசட் என்ற ஈ.கோலையின் சொந்தப் புரதத்தோடு ஒட்டவைத்த உணரி. செல்லின் சொந்த என்வ்இசட் மரபணு நீக்கப்படாத செல்வகையில் போட்டால் ஒளியைப் பொருட்படுத்தாமல், ஊடகத்தின் உப்பு அளவுக்கு ஏற்ப ஆடும். செல்வகையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அளக்க அளக்க எண் மாறுகிறது

அளவிடும் ஒளியும் செல்லுக்கு ஓர் உத்தரவுதான். ஜி.எஃப்.பி.யைத் தூண்ட 488 நானோமீட்டர் நீலத்தை அடிக்கிறோம். பிடான் போன்ற, நீல ஒளியால் மரபணுவை இயக்கும் அமைப்பு வைத்திருந்தால் ஒவ்வொரு படமும் ஒரு தூண்டல். மைக்ரோஸ்கோப்பின் கீழ் அடிக்கடி படம் எடுக்கும் செல்லையும் எடுக்காத செல்லையும் ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். அந்த நீல ஒளி அமைப்பில் எம்செரி போன்ற சிவப்பு ஒளிர்புரதத்துக்கு மாறுங்கள். சாதாரண வெளிச்சத்தில் பார்ப்பதற்குச் சிவப்பு வடிகட்டி போடுங்கள். சிசிஏஎஸ் அமைப்பில் எம்செரி நல்ல தேர்வல்ல. அதைத் தூண்டும் பச்சை–மஞ்சள் ஒளி உணரியையும் தொடும். சிவப்பு வடிகட்டியும் உதவாது, உணரியை அணைத்துவிடும். அங்கே பார்க்கும் வெளிச்சம் 750 நானோமீட்டருக்கு மேல் போவதே பாதுகாப்பு.

செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு எடுத்துச் செல்லும் மாதிரிகள் வழியிலும் வளர்கின்றன. எடுத்த உடனே பனிக்கட்டியில், இருட்டில் வையுங்கள். புரத உற்பத்தியை நிறுத்தும் ஆன்டிபயாட்டிக் சேருங்கள், ஆனால் உங்கள் பிளாஸ்மிட் எதிர்ப்பு தரும் ஆன்டிபயாட்டிக்கைச் சேர்க்காதீர்கள், அது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே உருவான ஜி.எஃப்.பி. முதிர்வதற்கு எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்துப் பிறகு அளந்தால் முதல் மாதிரியும் கடைசி மாதிரியும் ஒப்பிடத் தகுந்தவையாக இருக்கும்.

பச்சையை அணைத்தும் இறங்க மாட்டேன் என்கிறது

இரண்டு காரணங்கள், இரண்டும் இயல்பானவை. சிசிஏஎஸ் ஒருமுறை விழித்தால் இருட்டில் தானாக உறங்குவது மிக மெதுவாகவே நடக்கும். பச்சையை நிறுத்துவது மட்டும் போதாது, சிவப்பைப் போட்டே ஆக வேண்டும்.

சிவப்பைப் போட்டும் இறங்கவில்லையா? ஜி.எஃப்.பி. உறுதியான புரதம், செல்லுக்குள் எளிதில் அழியாது. செல் இரண்டாகப் பிரியும்போது பங்கு பாதியாவதுதான் அது குறையும் ஒரே வழி. வளராத செல்லில் எவ்வளவு சிவப்பைப் பாய்ச்சினாலும் எண் அப்படியே நிற்கும். கலவையின் அடர்த்தியைக் காட்டும் ஓ.டி. அளவைப் பாருங்கள், வளர்ச்சி நின்றிருந்தால் புது ஊடகத்தில் நீர்த்துப் போடுங்கள். வேகமான இறக்கம் தேவையென்றால் புரதத்தின் வாலில் எஸ்.எஸ்.ஆர்.ஏ. சிதைவுக் குறியைச் சேர்க்கலாம். அதற்கு விலை உண்டு: ஒளிர்வும் கூடவே குறைந்துவிடும்.

நடு அளவே கிடைப்பதில்லை. ஒன்று அணைகிறது, இல்லாவிட்டால் உச்சத்தில் நிற்கிறது

இந்த உணரிகள் மிகக் குறைந்த ஒளியிலேயே நிரம்பிவிடும். விளக்கை இயக்கும் சாதாரண ஆர்டுயினோ மின்பலகையில் 0 முதல் 255 வரைதான் படிகள். ஒளி கூடக்கூட ஒளிர்வு ஏறும் வளைகோட்டின் முழு ஏற்றமும் முதல் சில படிகளுக்குள் முடிந்து, மீதி இருநூற்றுச் சொச்சம் படிகள் வீணாகின்றன. 12 பிட் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மாறினால் 4096 படிகள் கிடைக்கும். அல்லது விளக்குக்கும் தட்டுக்கும் நடுவே சாம்பல் நிற வடிகட்டியோ மெல்லிய வெள்ளைத் தாள் அடுக்குகளோ வைத்து ஒளியைக் குறையுங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: சிவப்பை நிலையாக எரியவிட்டுப் பச்சையை மட்டும் கூட்டிக் குறைப்பது. சிவப்பு பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பதால் பச்சையின் பயனுள்ள வரம்பு மேலே நகரும், நுணுக்கம் கூடும். அறையிலிருந்து கசியும் ஒளியின் பாதிப்பும் குறையும்.

பிரகாசத்தை மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து மாற்றாதீர்கள். மின்னோட்டம் மாறினால் பச்சை எல்.இ.டி.யின் அலைநீளமும் நகரும். வேகமாக அணைத்து எரிக்கும் பி.டபிள்யூ.எம். முறையே நல்லது. அப்போது நிறமாலைமானியின் சேகரிப்பு நேரம் பல துடிப்புகளை உள்ளடக்கும் அளவு நீளமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அளவு தாறுமாறாகத் தாவும்.

ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு மாதிரி

ஒரே பாக்கெட்டில் வந்த எல்.இ.டி.க்களே ஒரே அளவில் எரிவதில்லை. 24 குழியையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த எண் எழுதி நிரலில் போடுங்கள். அளப்பதை 37 டிகிரியில், இன்குபேட்டருக்குள், விளக்கு சற்று நேரம் எரிந்த பிறகு செய்யுங்கள். சூடானால் எல்.இ.டி.யின் ஒளி குறையும், அதிலும் பச்சையைவிடச் சிவப்பு கூடுதலாகக் குறையும். மேசையில் அளந்த எண் உள்ளே பொருந்தாது.

விளக்கு ஒத்துப்போயும் குழிகள் ஒத்துப்போகவில்லை என்றால் தட்டைப் பாருங்கள். சுவர் கறுப்பாக, அடி மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். ஒளிபுகும் சுவர் என்றால் பக்கத்துக் குழியின் பச்சை இங்கே வரும். ஒரு குழியில் மட்டும் விளக்கை எரித்துச் சுற்றியுள்ள குழிகளின் ஒளிர்வை அளந்தால் கசிவு தெரிந்துவிடும். தட்டின் அடியில் நீர் படிந்திருக்கிறதா, ஓரக் குழிகளில் ஊடகம் வற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செல் வளரவில்லை

நீல ஒளி என்றால் ஒளியே காரணமாக இருக்கலாம். ஃபிளேவின்களும் போர்பிரின்களும் நீலத்தை வாங்கி, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கும். அளவைக் குறையுங்கள், அல்லது விட்டுவிட்டு அடியுங்கள். பச்சை, சிவப்பில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். விளக்கு முழுதாக எரியும் குழிக்குள் மெல்லிய வெப்ப உணரியை இறக்கி அளந்தால் போதும்.

நேற்று வந்த எண் இன்று வரவில்லை

பெரும்பாலும் தொடக்கக் கலவைதான் காரணம். இரவு முழுதும் வளர்ந்து தேங்கிய கலவையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளும் செல்லின் நிலை வேறாக இருக்கும். ஒரே வளர்ப்பிலிருந்து, வேகமாக வளரும் கட்டத்தில், நிறைய கிளிசரால் பங்குகளைச் செய்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பங்கு. மிக மிகக் குறைந்த அடர்த்தியில் தொடங்கினால் சோதனை முடியும்வரை செல்கள் வேகக் கட்டத்திலேயே இருக்கும், தொடக்கத்தில் எஞ்சிய பழைய ஜி.எஃப்.பி.யும் பிரிவுகளில் கரைந்துபோகும்.

நிரல் சொன்ன நேரத்தில் விளக்கு மாறவில்லை

ஆர்டுயினோ ஊனோவில் ஒரு நிமிடக் காத்திருப்பை 60 × 1000 என்று எழுதியிருக்கிறீர்களா? அங்கே சாதாரண முழுஎண்ணின் உச்சம் 32,767. பெருக்கல் வழிந்து எதிர்ம எண்ணாகி, காத்திருக்கும் கட்டளைக்குள் போகும்போது ஏறத்தாழ 50 நாளாக மாறிவிடும். விளக்கு உறைந்ததுபோல் நிற்கும். எண்ணுக்குப் பின்னால் யு.எல். குறியைச் சேருங்கள், சரியாகிவிடும்.

கணினியில் ஸ்கிரிப்ட் தொடங்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தால், சீரியல் இணைப்பைத் திறக்கும்போது பலகை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்கிறது. இணைப்பை ஒருமுறை திறந்து, சோதனை முடியும்வரை மூடாமல் வைத்திருங்கள். மடிக்கணினி உறங்கப் போவதையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவையுங்கள்.

பின்னூட்டத்தில் எண் ஏறி இறங்கி அலைகிறது

கடைசியாகத்தான் இதற்கு வர வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாப் பிழையும் இங்கே அலைவாகத் தோற்றம் தரும்.

ஒளி பட்டதிலிருந்து ஒளிர்வு தெரியும்வரை ஆர்.என்.ஏ. உருவாக வேண்டும், புரதம் உருவாக வேண்டும், அது முதிர வேண்டும். ஈ.கோலையில் இது பத்து நிமிடக் கணக்கில் போகும். இந்தத் தாமதத்தை அறியாத கட்டுப்படுத்தி, அதாவது ஒளியின் அளவைத் தீர்மானிக்கும் நிரல், பதில் வரவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பச்சையைக் கூட்டும். பதில் மொத்தமாக வந்து சேரும்போது இலக்கைத் தாண்டிவிடும். ஆகவே முதலில் பின்னூட்டம் இல்லாமல் ஒரே படியாகப் பச்சையை ஏற்றி, ஒளிர்வு எப்போது அசைகிறது, எங்கே நிற்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். உங்கள் இலக்கு அந்த வரைபடத்தின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே இருக்க வேண்டும். எட்ட முடியாத இலக்கைக் கொடுத்துவிட்டுக் கட்டுப்படுத்தியைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம் விகிதப் பகுதியை (இப்போதைய பிழைக்கு ஏற்ப ஒளியை மாற்றுவது) மட்டும் சிறிய அளவில் போட்டுத் தொடங்குங்கள். அலைவில்லை என்றால் தொகைப் பகுதியை (இதுவரை சேர்ந்த பிழையின் கூட்டலுக்கு ஏற்ப மாற்றுவது) சேருங்கள். விளக்கு 0 அல்லது உச்சத்தில் முட்டி நிற்கும் நேரத்தில் தொகை சேர்வதை நிறுத்தும் ஒரு வரி நிரலில் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் சேர்ந்த பிழை கரைவதற்கே மணிக்கணக்காகும்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏறுவதை விளக்கு தீர்மானிக்கிறது, இறங்குவதைச் செல் பிரியும் வேகம் தீர்மானிக்கிறது. ஏற்றத்துக்குப் பார்த்து அமைத்த எண்கள் இறக்கத்தில் பொருந்தாது. மெதுவான பக்கத்துக்கு ஏற்ப அமையுங்கள். கலவை அடர்ந்து செல் மெதுவானால் அமைப்பே மாறிவிடும், எனவே புது ஊடகத்தை இடைவிடாது சேர்த்து ஓ.டி.யை நிலையாக வைத்திருப்பது உதவும். தாமதம் பெரிதாக இருந்தால் செல்லின் ஒரு எளிய கணித மாதிரியை நிரலில் ஓடவிட்டு, கால்மன் வடிகட்டி என்ற கணக்கு முறை வழியாக இப்போதைய நிலையை ஊகித்துச் செயல்படும் முறைக்கு மாறலாம்.

மாதிரியைக் குழாய் வழியாக உறிஞ்சி அளக்கும் அமைப்பு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். குழாயில் தங்கிய பழைய கலவைதான் முதலில் அளவிக்கு வரும். அது போன முறையின் செல். குழாயின் கொள்ளளவை அளந்து, அதைப்போல் குறைந்தது இரண்டு மூன்று மடங்கு கலவையை வெளியே விட்ட பிறகு வருவதை மட்டும் கணினிக்கு அனுப்புங்கள்.